போரால் உக்ரைனை விட்டு வந்தவர்கள் இப்போது எந்த நாட்டில் குடியேறலாம்?

கனடா என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உக்ரைனியர்களுக்காக அந்த நாடு வைத்திருந்த சிறப்புத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் காலம் 2023 ஜூலை 15-ஓடு முடிந்துவிட்டது. விசா கிடைத்தவர்களும் 2024 மார்ச் 31-க்குள் போய் இறங்கியிருந்தால்தான் அதன் சலுகைகள் முழுசாகக் கிடைத்தன. அமெரிக்காவில் 2022 ஏப்ரலில் தொடங்கிய ‘யுனைட்டிங் ஃபார் உக்ரைன்’ திட்டமும் 2025 ஜனவரியில் புதியவர்களை எடுப்பதை நிறுத்திவிட்டது. இந்த இரண்டையும் இன்னும் திறந்திருப்பது போலச் சொல்லிக் காசு வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அதனால்தான் முதலில் சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால் உங்களுக்கு வேண்டியவர் யாரோ ஒருவர் இப்போது எங்கோ மாட்டிக்கொண்டு நிற்கிறார் என்று தோன்றுகிறது. கார்கிவிலோ வின்னிட்சியாவிலோ மருத்துவம் படித்த காலத்துப் பழக்கமாக இருக்கலாம். யார் என்று நான் கேட்கப் போவதில்லை. அவரைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே குடும்பமாக இருந்தவர் நீங்கள் என்றால் ஐரோப்பிய ஒன்றியத்தின் தற்காலிகப் பாதுகாப்பு உங்களுக்கும் சேரும். ஆனால் அந்தக் குடும்பம் 2022 பிப்ரவரி 24-க்கு முன்பே அங்கே இருந்திருக்க வேண்டும். வெறும் மாணவராக இருந்த இந்தியர்களுக்கு அது பொதுவாகக் கிடையாது.

ஒன்றியம் முழுக்க அந்தப் பாதுகாப்பை 2027 மார்ச் 4 வரை நீட்டித்திருக்கிறார்கள். தங்கலாம், வேலை பார்க்கலாம், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம். பணமும் வீடும் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனி, போலந்து, செக் குடியரசு மூன்றிலும்தான் கூட்டம் அதிகம். அயர்லாந்து ஆரம்பத்தில் தாராளமாக இருந்தது. 2024 மார்ச்சில், புதிதாக வருபவர்களுக்கு அரசு விடுதியை 90 நாளாகச் சுருக்கினார்கள்; பிறகு அதையும் குறைத்தார்கள். செக் குடியரசு 2025-இல் ஒரு நல்ல காரியம் செய்தது. சம்பாதித்து வரி கட்டி, யார் தயவும் இல்லாமல் நிற்பவர்களுக்கு ஐந்து வருட அனுமதிக்கு ஒரு வழி திறந்தது. என்னைக் கேட்டால் நாடுகளை உதவித்தொகையை வைத்து ஒப்பிடக் கூடாது. தற்காலிக அனுமதியிலிருந்து சொந்தக் காலில் நிற்கும் வேறொரு அனுமதிக்கு மாற வழி இருக்கிறதா, அதைத்தான் பார்க்க வேண்டும். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், இங்கிலாந்தில் அந்த வழி இல்லாததால் என்ன ஆகிறது என்று பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

2022 கோடையில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு ஓர் அம்மாவும் பையனும் வந்தார்கள். ஓக்சானா என்று வைத்துக்கொள்வோம். கார்கிவில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் கணக்கு பார்த்தவர். நாங்கள் ரெடிங்கில் இருக்கிறோம். ‘ஹோம்ஸ் ஃபார் உக்ரைன்’ திட்டத்தில் நானும் மனைவியும் ஸ்பான்சர். கவுன்சில் ஆள் வந்து வீட்டைப் பார்த்தார், எங்கள் இருவருக்கும் போலீஸ் பதிவுச் சோதனை நடந்தது, அப்புறம் விசா. வாடகை வாங்கக் கூடாது. அரசு மாதம் 350 பவுண்டு நன்றித்தொகை என்று நமக்குக் கொடுக்கும். ‘காசுக்காகத்தானே வைத்துக்கொண்டாய்’ என்று சொந்தக்காரர்களே கேட்டாயிற்று, எனவே இங்கே யாரும் புதிதாகக் கேட்க வேண்டாம். 2022 குளிர்காலத்தில் இந்த ஊரில் கேஸ் பில் என்ன வந்தது என்று தெரிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

ஓக்சானாவின் ஆங்கிலம் வந்தபோது ‘நன்றி’, ‘மன்னிக்கவும்’ இரண்டோடு நின்றது. ஒரு வருடத்துக்குள் ஒரு சின்ன கம்பெனியில் சம்பளப் பட்டியல் போடும் வேலையில் சேர்ந்து, தனி வீடும் பார்த்துப் போய்விட்டார். வீடு என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். உள்ளூரில் ஜாமீன் நிற்க ஆள் வேண்டும், இல்லையென்றால் ஆறு மாத வாடகை முன்பணம் என்றார் ஏஜென்ட். நான் ஜாமீன் நின்றேன்.

அவர் விசா மூன்று வருடம். 2025 கோடையில் முடிய வேண்டும். அதற்குள் அரசாங்கம் விளையாட ஆரம்பித்திருந்தது. 2024 பிப்ரவரி 19 அன்று முன்னறிவிப்பே இல்லாமல், இங்குள்ள சொந்தங்களிடம் வருவதற்கான உக்ரைன் குடும்பத் திட்டத்தை மூடினார்கள். புதிதாக வருபவர்களுக்கு மூன்று வருடம் பதினெட்டு மாதமாகச் சுருங்கியது. ஏற்கெனவே இருப்பவர்கள் நீட்டிக்க 2025 பிப்ரவரியில் ஒரு திட்டம் வந்தது. கட்டணம் இல்லை, மருத்துவ வரி இல்லை, அதெல்லாம் சரி. ஆனால் கிடைப்பது பதினெட்டு மாதம், அதுவும் விசா முடிய 28 நாள் இருக்கும்போதுதான் விண்ணப்பிக்கலாம் என்றார்கள்.

28 நாளில் என்ன பெரிய கஷ்டம் என்று நினைப்பீர்கள். ஓக்சானாவின் வீட்டு ஒப்பந்தமும் அதே கோடையில்தான் முடிந்தது. விசாவைக் காட்டினால்தான் புதுப்பிப்பேன் என்றார் ஏஜென்ட். விசாவுக்கு விண்ணப்பிக்கவே இன்னும் நாள் வரவில்லை! அலுவலகத்திலும் ஒரு மின்னஞ்சல்: உங்கள் வேலை உரிமை இந்தத் தேதியில் முடிகிறது, என்ன செய்யப் போகிறீர்கள் என்று. பையனுக்கு மறுவருடம் பத்தாம் வகுப்பு, இங்கே ஜிசிஎஸ்இ என்ற பள்ளிப் பொதுத்தேர்வுக்கான பாடங்கள் தொடங்கும் நேரம். வீடு போனால் பள்ளியும் போகும் என்று அந்த அம்மா தூங்கவில்லை.

இதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது, இதை மட்டும் உங்கள் ஆளிடம் கட்டாயம் சொல்லுங்கள். பழைய விசா உயிரோடு இருக்கும்போதே விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய உரிமைகள் அப்படியே தொடரும். சந்தேகப்படும் முதலாளி உள்துறையின் சரிபார்ப்புச் சேவையில் கேட்டால் ஆறு மாதத்துக்கான உறுதிப் பத்திரம் கொடுப்பார்கள். வீட்டுக்காரருக்கும் அதே மாதிரி தனிச் சேவை இருக்கிறது. நான் இதை அச்சடித்து எடுத்துக்கொண்டு போய் அந்த ஏஜென்ட் மேஜையில் வைத்த பிறகுதான் ஒப்பந்தம் கையெழுத்தானது. விசாவும் வந்தது. பிறகு 2025 செப்டம்பரில், இதற்கு மேல் இன்னும் 24 மாதம் தருவோம் என்று அறிவித்தார்கள்.

ஆனால் இதில் எதுவும் நிரந்தர அனுமதிக்குக் கொண்டுபோகாது. வேலை விசாவுக்கு மாறலாமே என்பார்கள். அதற்கான பொதுச் சம்பள வரம்பு 2025 ஜூலையிலிருந்து வருடம் 41,700 பவுண்டு. சின்ன கம்பெனியில் சம்பளப் பட்டியல் போடுபவருக்கு அது எப்படிக் கிடைக்கும்? புதிதாக இங்கே வர நினைப்பவருக்கு நான் எழுதும்போது கதவு திறந்துதான் இருக்கிறது: ஸ்பான்சர் பிரிட்டன் அல்லது அயர்லாந்துக் குடிமகனாகவோ நிரந்தர அனுமதி உள்ளவராகவோ இருக்க வேண்டும். அப்படி ஒரு நெருங்கிய சொந்தம் இங்கே இருந்தால் வரலாம். இல்லையென்றால் செக், ஜெர்மனி பக்கம் பார்க்கச் சொல்வேன்.

‘ஈழத் தமிழர்களுக்கு இந்தக் கதவெல்லாம் திறந்ததா’ என்று கேட்பவர்களுக்கு: இல்லை, திறக்கவில்லை. நியாயமான கேள்விதான். அதை உள்துறை அமைச்சரிடம் கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். மகனோடு ஒரு பெட்டியுடன் வந்து நிற்பவரிடம் கேட்காதீர்கள்.

என் வயிற்றெரிச்சல் வேறு. ஓக்சானா எங்கள் வீட்டில் இருந்தபோது கும்பகோணத்திலிருந்து அம்மா வீடியோவில் வருவார். பின்னால் ஓக்சானா சமைப்பதைப் பார்த்து ஒருநாள், “அந்தப் பொண்ணுக்குக் கிடைக்கிற விசா எனக்குக் கிடைக்காதாடா?” என்றார். கிடைக்காது அம்மா. 2012 ஜூலை விதிப்படி, குளிக்க, உடுத்தவே இன்னொருவர் துணை வேண்டும் என்ற நிலைக்கு அம்மா வர வேண்டும். அப்போதும், பணம் கொடுத்தாலும் இந்தியாவில் அந்தக் கவனிப்பு கிடைக்காது என்று நான் நிரூபிக்க வேண்டும். கும்பகோணத்தில் காசு கொடுத்தாலும் ஆள் கிடைக்காது என்று எந்த டாக்டர் எழுதித் தருவார்? இத்தனை வருடம் வரி கட்டிய பிள்ளைக்கு இதுதான் பதில். கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். எழுத உட்கார்ந்தால் வந்துவிடுகிறது.

உங்கள் ஆள் ஆணாக இருந்தால் கணக்கே வேறு. 18 முதல் 60 வயது வரை உள்ள ஆண்கள் போர்ச் சட்டத்தில் பெரும்பாலும் வெளியேற முடியாது; 2025 ஆகஸ்டிலிருந்து 22 வயது வரை உள்ளவர்களை மட்டும் விடுகிறார்கள். ஏற்கெனவே வெளியே இருப்பவர் பாஸ்போர்ட் புதுப்பிக்கத் தூதரகம் போனாலும், 2024 மே முதல் ராணுவப் பதிவு ஆவணம் கேட்கிறார்கள். பாஸ்போர்ட் இல்லாமல் விசா நீட்டிப்பு சிக்கலாகும்.

அவருக்கு என்ன வயது, இப்போது எந்த நாட்டில் எந்த அனுமதியில் இருக்கிறார், பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை. ஏஜென்ட் எண் கேட்டு உள்பெட்டியில் வருபவர்களுக்குப் பதில் கிடையாது.