பொல்யூஷன் டெஸ்டில் ஃபெயில், ஸ்கேனரில் பி0420, பி0171: கன்வெர்ட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

கன்வெர்ட்டருக்கு இப்போதே அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: 2018 மாடல் பெட்ரோல் கார், காட்பாடியில் டெஸ்டில் ஃபெயில், செக் எஞ்சின் லைட் எரிகிறது, ஸ்கேனரில் பி0420, பி0171 என்று இரண்டு எரர் கோடு (code), மெக்கானிக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், அதாவது சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்கிற பெட்டி, போய்விட்டது என்கிறார். அவர் சொல்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த இரண்டு கோடும் சேர்ந்து நிற்கிற வண்டியில் கன்வெர்ட்டரைக் கடைசியாகத்தான் தொட வேண்டும்.

கோடு என்பது கெட்டுப்போன பார்ட்டின் பெயர் கிடையாது. பி0171 என்றால் முன்பக்க ஆக்சிஜன் சென்சாருக்குக் காற்று அதிகமாகத் தெரிகிறது, பெட்ரோலை எவ்வளவு கூட்டியும் கணினியால் சமாளிக்க முடியவில்லை என்று பொருள். பி0420 என்றால் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கிற சென்சார் எதிர்பார்த்தபடி அமைதியாக இல்லை. புகை போகிற வழியில் இருக்கும் ஒரு சின்ன ஓட்டையே இரண்டையும் வரவழைக்கலாம்.

முதலில் டெஸ்டில் கொடுத்த சீட்டை எடுத்துப் பாருங்கள். உங்கள் வண்டி பிஎஸ்4 என்ற மாசு விதியின் கீழ் வந்தது. பிஎஸ்4 பெட்ரோல் காருக்கு ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது) சிஓ, அதாவது கார்பன் மோனாக்சைடு, 0.3 சதவீதம், ஹெச்சி, அதாவது எரியாத பெட்ரோல், 200 பிபிஎம் வரை போகலாம். 2500 ஆர்பிஎம் பக்கம் ரேஸ் பண்ணி எடுக்கும்போது சிஓ 0.2, லாம்டா 0.97 முதல் 1.03 வரை. லாம்டா என்பது காற்று-பெட்ரோல் கணக்கு: 1 என்றால் சரியான அளவு, கூடினால் காற்று அதிகம், குறைந்தால் பெட்ரோல் அதிகம். சிஓ மட்டும் ஏறி லாம்டா 0.97-க்குக் கீழே இருந்தால் பெட்ரோல் அதிகம். இன்ஜெக்டர் ஒழுகுகிறதா, டேங்கின் பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்குள் விடும் பர்ஜ் வால்வு திறந்தே நிற்கிறதா என்று தேட வேண்டும். சிஓ சரியாக இருந்து ஹெச்சி மட்டும் எகிறினால் ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ் ஆகிறது. பிளக், காயில் பக்கம் போங்கள். சிஓவும் கூடி லாம்டாவும் 1.03-ஐத் தாண்டினால், பெட்ரோல் எரிந்து முடிந்த பிறகு வழியில் எங்கோ வெளிக்காற்று புகுகிறது என்பதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பி0171-உடன் சேர்த்துப் பார்த்தால் உங்கள் சீட்டில் இந்த ஜோடிதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தக் காற்று பெரும்பாலும் எஞ்சினிலிருந்து புகைக் குழாய் தொடங்கும் இடத்து மேனிஃபோல்டு கேஸ்கெட்டிலோ, அதற்குக் கீழே வலை பின்னியது போல இருக்கும் ஃப்ளெக்ஸ் பைப்பிலோ நுழைகிறது. புகை துடிப்புத் துடிப்பாகப் போகும். ஒவ்வொரு துடிப்புக்கு இடையிலும் ஓட்டை வழியாகக் காற்று உள்ளே இழுபடும். சென்சார் அதைப் பார்த்து 'காற்று அதிகம்' என்கிறது, கணினி பெட்ரோலைக் கூட்டுகிறது. உண்மையில் எஞ்சினுக்கு அந்தப் பெட்ரோல் தேவையே இல்லை. சிஓ ஏறுகிறது, கோடு மட்டும் 'லீன்' (பெட்ரோல் குறைவு) என்று நிற்கிறது.

கண்டுபிடிக்க விடியற்காலைதான் நல்ல நேரம். இரவெல்லாம் நின்று ஆறிய வண்டியை ஸ்டார்ட் பண்ணி பானெட்டைத் திறந்து காது கொடுங்கள். 'டிக் டிக் டிக்' என்று சத்தம் வரும், நாலைந்து நிமிடத்தில் இரும்பு சூடாகி விரிந்ததும் நின்றுவிடும். ஹீட் ஷீல்டைக் கழற்றிப் பார்த்தால் கேஸ்கெட் ஓரத்தில் விரலால் தேய்த்தது போல ஒரு கரிக்கோடு தெரியும். தெரியவில்லை என்றால், சூடு ஏறுவதற்குள் ஒருவர் ஈரத்துணியால் சைலன்சர் வாயைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் ஜாயின்ட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்க்கட்டும். நுரை வரும் இடம்தான் ஓட்டை.

எக்ஸாஸ்டில் ஒன்றும் இல்லையென்றால் ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் பாருங்கள்; கணினி பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது (பிளஸ்), குறைக்கிறது (மைனஸ்) என்ற கணக்கு அது. ஷார்ட், லாங் இரண்டையும் கூட்டினால் பிளஸ் மைனஸ் 5-க்குள் இருப்பது நல்லது, 10-ஐத் தாண்டினால் கோளாறு. ஐடிலில் பிளஸ் 20 காட்டி, 2500-இல் 3, 4-க்கு இறங்கினால் இன்டேக் பக்கம், அதாவது எஞ்சின் காற்றை இழுக்கும் பக்கம், ஒழுகல் இருக்கிறது: வெடித்த பிசிவி ஹோஸ் (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோவது), எலி கடித்த வேக்குவம் ட்யூப், பிரேக் பூஸ்டர் ஹோஸ். ரேஸ் ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டரைப் பாருங்கள். ஒரு விஷயம்: காற்றின் அளவை நேரடியாக அளக்காமல் இன்டேக் அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் மேப் சென்சார் வைத்த சின்னக் கார்களில் இன்டேக் ஒழுகல் ட்ரிம்மில் பெரிதாகத் தெரியாமல் ஐடில் மட்டும் உயர்ந்து நிற்கலாம்.

இருபது சதவீத எத்தனால் பெட்ரோலைப் பற்றியும் கேட்பீர்கள். எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும் என்பதால், அந்தக் காலத்துப் பெட்ரோலுக்கு டியூன் பண்ணிய வண்டியில் ட்ரிம் சில சதவீதம் பிளஸ் பக்கம் நகரும். ஏற்கெனவே விளிம்பில் இருக்கிற வண்டியை அது பி0171-க்குள் தள்ளிவிடலாம். ஆனால் பிளஸ் 20-க்கு எத்தனாலை மட்டும் குறை சொல்ல முடியாது.

நம் ஊரில் கட்டாயம் பார்க்க வேண்டியது தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடேறும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தும் வால்வு. வேலூர் வெயிலுக்கு அது எதற்கு என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள்; கஸ்டமரிடம் சொல்வதுகூட இல்லை. ஹைவேயில் ஓடும்போது கூலன்ட் சூடு 85, 90 இருக்க வேண்டிய இடத்தில் 65, 70 என்று காட்டினால் உங்கள் வண்டியிலும் அதைச் செய்திருக்கலாம், அல்லது தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கலாம். எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று நினைத்துக் கணினி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும், கன்வெர்ட்டரும் சரியாகச் சூடேறாது. கழற்றியிருந்தால், வண்டி கொதித்தது என்றுதானே கழற்றியிருப்பார்கள்? கொதித்ததற்குக் காரணம் பெரும்பாலும் ரேடியேட்டரில் ஊற்றிய போர் தண்ணீர். பாலாற்றங்கரை நிலத்தடி நீரைத் தோல் தொழிற்சாலைக் கழிவு கெடுத்ததை உச்ச நீதிமன்றமே 1996-இல் தீர்ப்பில் எழுதிவிட்டது. குடிக்க முடியாத அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உப்புப் படிந்து அடைக்காமல் என்ன செய்யும்? தயவுசெய்து கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் மட்டும் ஊற்றுங்கள். மனசு ஆறாமல் சொல்கிறேன்.

'கோடை அழித்துவிட்டால் போதும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இங்கே சைலன்சருக்குள் குழாயை விட்டுத்தான் அளக்கிறார்கள், அழித்தாலும் சிஓ குறையாது. கோடு விழுந்த நேரத்தின் வேகம், சூடு, ட்ரிம் எல்லாம் ஃப்ரீஸ் ஃப்ரேமில் பதிந்திருக்கும்; அழித்தால் அதுவும் போய்விடும். முதலில் அதை போட்டோ எடுத்து வையுங்கள்.

வேலை முடிந்ததும் கோடை அழித்து, மறுநாள் காலை சத்துவாச்சாரியில் ஹைவே ஏறி பள்ளிகொண்டா டோல் வரை 60, 70-இல் சீராக ஓட்டித் திரும்புங்கள். ட்ரிம் இறங்கியிருக்கும். அதே சூட்டோடு டெஸ்டுக்குப் போங்கள். அங்கே வரிசை நீளமாக இருந்தால் ஐடிலிலேயே கன்வெர்ட்டர் ஆறிவிடும், குழாயை விடுவதற்கு முன் இரண்டு நிமிடம் 2500-இல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

எல்லாம் சரியான பிறகும் பி0420 திரும்ப வந்தால், 2500-இல் வைத்துப் பின் சென்சார் வோல்ட்டைப் பாருங்கள். 0.6, 0.7-இல் அசையாமல் நின்றால் கன்வெர்ட்டர் வேலை செய்கிறது. முன் சென்சாரைப் போலவே 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஆடினால் போய்விட்டது, அப்போது மாற்றுங்கள். அதற்கு முன் பிளக், காயில் சரியா, எஞ்சின் ஆயில் குடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் புதியதையும் அதே கோளாறு சாப்பிட்டுவிடும். பழைய கன்வெர்ட்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது, பழைய இரும்புக் கடையில் அதற்குத் தனி விலை உண்டு.