தொட்டி போர்டும் மோட்டார் போர்டும் மாறி மாறித் துண்டிப்பு

வணக்கம். நீர்மட்டம் அனுப்பும் தொட்டி போர்டு புரோக்கரோடு (செய்திகளை வாங்கிப் பிரித்துத் தரும் சர்வர்) இணைந்ததும், மோட்டாரை இயக்கும் போர்டின் இணைப்பு அறுந்துவிடுகிறது, சில நொடியில் தலைகீழாக நடக்கிறது என்கிறீர்கள். வைஃபை மேல் தப்பில்லை. இரண்டு ஈஎஸ்பி32-லும் (போர்டில் உள்ள வைஃபை சிப்) ஒரே நிரல், அதனால் ஒரே கிளையன்ட் ஐடி (புரோக்கரிடம் போர்டு சொல்லும் பெயர்). அதே ஐடியில் இன்னொன்று வந்தால் பழைய இணைப்பைத் துண்டிப்பதுதான் எம்கியூடிடி (போர்டுகள் செய்தி பரிமாறும் முறை) விதி. ஐடியோடு அந்தந்தச் சிப்புக்கே உரிய எண்ணான மேக் முகவரியைச் சேருங்கள், நின்றுவிடும்.

எனக்கு உறுத்துவது வேறு: நீங்கள் போட்ட நிரலில் மோட்டார் 'ஆன்' கட்டளை ரீடெய்னோடு (கடைசிச் செய்தியைப் புரோக்கர் சேமித்து வைக்கச் சொல்லும் குறி) போகிறது. கரண்ட் போய் வந்ததும் புரோக்கர் அந்தப் பழைய கட்டளையையே மறுபடி கொடுக்கும். தொட்டி நிரம்பி வழிந்தாலும் மோட்டார் ஓடும். கட்டளைக்கு ரீடெய்ன் வேண்டவே வேண்டாம். தொட்டி போர்டு அறுந்தால் புரோக்கர் அறிவிக்கும் லாஸ்ட் வில்லும் மெதுவானது; கீப்அலைவ் (போர்டு உயிரோடிருப்பதைக் காட்ட வேண்டிய இடைவெளி) 60 நொடி என்றால் புரோக்கர் கைவிட 90 நொடி ஆகும். 30 நொடி நீர்மட்டச் செய்தி வராவிட்டால் மோட்டார் போர்டே ரிலேயை (மோட்டாரின் சுவிட்ச்) அணைக்கட்டும்.