ஓடிபி யாருக்கும் சொல்லவில்லை, பணம் எப்படிப் போனது?

கேள்வி: கிரெடிட் கார்டு என் பர்ஸிலேயே இருக்கிறது. யாருக்கும் ஓடிபி சொல்லவில்லை. ஆனாலும் நான் கேள்வியே படாத ஒரு வெளிநாட்டு இணையதளத்தில் என் கார்டில் பொருள் வாங்கியிருக்கிறார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் மிகச் சிறிய தொகை ஒன்றும் போயிருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. இது எப்படிச் சாத்தியம்?

பதில்: அந்தச் சின்னத் தொகைதான் ஒத்திகை. கையில் கிடைத்த எண் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் ஒரு சில்லறைத் தொகையை எடுத்துப் பார்ப்பார்கள், அது போய்விட்டால் பெரிய தொகைக்கு வருவார்கள். எல்லா இணையதளங்களும் ஓடிபி கேட்பதில்லை. கார்டு எண், காலாவதி தேதி, பின்பக்கத்து மூன்று இலக்க சிவிவி இருந்தாலே பல இடங்களில் வேலை முடிந்துவிடும். இவை போலித் தளத்தில் நீங்களே டைப் செய்ததாக இருக்கலாம், நீங்கள் கார்டைச் சேமித்து வைத்த ஏதோ ஒரு தளத்திலிருந்து எண் கசிந்திருக்கலாம், கார்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர் ஒரு நொடியில் போட்டோ எடுத்திருக்கலாம். யாரிடமிருந்தும் திருடாமல் எண்ணை ஊகிக்கிறவர்களும் உண்டு. முதல் ஆறு அல்லது எட்டு இலக்கங்கள் எந்த வங்கி என்பதைக் குறிப்பவை. கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்குப் போட்டு வருவது. ஐபிஎம்மில் வேலை பார்த்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த சூத்திரம் அது, எண்ணைத் தப்பாக எழுதினால் கண்டுபிடிப்பதற்காக வந்தது, ரகசியம் காக்க வந்ததில்லை. அதனால் ஆயிரக்கணக்கான எண்களை உருவாக்கிச் சோதித்துப் பார்க்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. உங்கள் மேல் தவறே இல்லாமலும் இது நடக்கும், அதனால் முதலில் உங்களையே திட்டிக்கொள்வதை நிறுத்துங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குப் போன் செய்து கார்டை முடக்குங்கள், புகார் எண்ணை வாங்கி எழுதி வையுங்கள், அப்புறம் அந்தச் செலவை நான் செய்யவில்லை என்று எழுத்திலும் கொடுங்கள். தாமதிக்காதீர்கள், புகார் சொன்ன நேரம்தான் பல இடங்களில் நஷ்டம் யார் தலையில் என்பதை முடிவு செய்கிறது. புதுக் கார்டு வந்ததும் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்துவிடுங்கள், தேவைப்படும் நாளில் திறந்துகொள்ளலாம். எவ்வளவு சிறிய தொகை போனாலும் செய்தி வரும்படி வையுங்கள்.

கேள்வி: வங்கியிலிருந்து என்று ஒருவர் பேசினார். என் பெயர், பிறந்த தேதி, கார்டின் கடைசி நான்கு எண்கள் எல்லாம் சரியாகச் சொன்னார். நம்பாமல் எப்படி இருப்பது?

பதில்: கடைசி நான்கு எண்கள் கடை ரசீதிலேயே இருக்கும். பிறந்த தேதி உங்களை வாழ்த்திய அத்தனை பேருக்கும் தெரியும். போன் திரையில் வங்கியின் எண்ணே தெரிந்தாலும் நம்பாதீர்கள், அதையும் போலியாகக் காட்ட முடியும். எனக்கும் ஒருமுறை இப்படி அழைப்பு வந்தது. பின்னால் கீபோர்டு தட்டும் சத்தம், நிதானமான குரல், "உங்கள் கார்டில் யாரோ பணம் எடுக்கப் பார்க்கிறார்கள், ரத்து செய்ய ஒரு எண் வரும், சொல்லுங்கள்." எண் வந்தது. அதைச் சொல்ல வாய் திறந்துவிட்டேன், அந்த நொடியில்தான் செய்தியை முழுவதும் படித்தேன்: இன்ன தொகை செலுத்துவதற்கான ஓடிபி என்று அதிலேயே எழுதியிருந்தது. ரத்து என்ற வார்த்தையே இல்லை. அவசரத்தில் நாம் எண்ணை மட்டும் பார்க்கிறோம், அதற்கு முன்னால் இருக்கும் வரியைப் பார்ப்பதில்லை, அவர்கள் நம்பியிருப்பது அதைத்தான். யார் பேசினாலும் "நானே கூப்பிடுகிறேன்" என்று வைத்துவிட்டு, கார்டில் உள்ள எண்ணுக்கு நீங்கள் பேசுங்கள். உண்மையான வங்கிக்காரர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். போனில் ஏதாவது செயலியை இறக்கச் சொன்னால் பேச்சை அங்கேயே துண்டித்துவிடுங்கள், உங்கள் திரையை அவர் பார்ப்பதற்கான வழி அது.

கேள்வி: அடையாள அட்டை நகலைப் பல இடங்களில் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நகலின் குறுக்கே என்ன காரணத்துக்கு, யாருக்கு, எந்தத் தேதியில் என்று பேனாவால் எழுதிக் கொடுங்கள். அப்படி எழுதிய நகலை வேறு இடத்தில் காட்டிக் கடன் வாங்குவது கஷ்டம். உங்கள் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்பது கடன் தகவல் நிறுவனங்கள் தரும் கடன் அறிக்கையில் தெரியும், வருடத்துக்கு ஒருமுறையாவது எடுத்துப் பாருங்கள். இன்னொன்று, காரணமே இல்லாமல் உங்கள் போனில் மட்டும் சிக்னல் போய் நெடுநேரம் வராமல் இருந்தால் சும்மா இருக்காதீர்கள். யாரோ உங்கள் பெயரில் மாற்று சிம் வாங்கியிருக்கலாம், இனி வரும் ஓடிபி எல்லாம் அவர்களுக்குப் போகும். பக்கத்தில் இருப்பவரின் போனை வாங்கி, முதலில் சிம் நிறுவனத்துக்கும் அடுத்து வங்கிக்கும் பேசுங்கள்.