ஈ-கேதரின் ஆன்டிபாடி: உங்கள் கேள்விகள்

எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்களில், செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஈ-கேதரின் புரதம் வெஸ்டர்ன் பிளாட்டில் (உடைத்த செல்களின் புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பார்ப்பது) நன்றாகத் தெரிகிறது. ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (முழுச் செல்களை ஒவ்வொன்றாக அளப்பது) சிக்னலே இல்லை. ஆன்டிபாடி கெட்டுவிட்டதா?

பிளாட்டில் வேலை செய்கிறதே, கெட்டிருக்காது. செல்களைத் தட்டிலிருந்து எப்படி எடுத்தீர்கள்? ட்ரிப்சின்-ஈடிடிஏ (புரதத்தை வெட்டும் நொதியும் கால்சியத்தைப் பிடிக்கும் வேதிப்பொருளும் சேர்ந்த கரைசல்) என்றால் பெரும்பாலும் காரணம் அதுதான். ஈ-கேதரினின் வெளிப்பகுதியில் கால்சியம் இருக்கும்வரை ட்ரிப்சினால் அதை எளிதில் வெட்ட முடியாது. ஈடிடிஏ கால்சியத்தை உருவிவிட்டால் அந்தக் காப்பு போய்விடும். நீங்கள் தேடுகிற பகுதியே வெட்டுப்பட்டுக் கழுவுநீரோடு போயிருக்கும். பிளாட்டுக்குச் செல்களைத் தட்டிலேயே உடைத்திருப்பீர்கள், அதனால் அங்கே புரதம் முழுசாக இருந்தது.

ட்ரிப்சினை விட்டுவிட்டு ஈடிடிஏ மட்டும் போட்டுச் செல்களை மெதுவாகப் பிரித்தெடுங்கள். சில குளோன்களுக்கு (ஒரே புரதத்துக்கான வெவ்வேறு ஆன்டிபாடி வகைகள்) கால்சியம் சேர்ந்த வடிவம்தான் பிடிக்கும். அவற்றுக்கு ஆன்டிபாடி போடும் கரைசலில் கால்சியத்தைத் திரும்பச் சேர்க்க வேண்டும். செல்கள் மறுபடி ஒட்டாமலிருக்க ஐஸிலேயே வைத்துச் செய்யுங்கள்.

அப்புறம், குளோன் எது என்று பாருங்கள். ஹெச்இசிடி-1 வெளிப்பகுதியைப் பிடிப்பது. குளோன் 36 செல்லுக்குள் இருக்கும் வால்பகுதியைப் பிடிப்பது. சவ்வில் துளையிடாமல் அது உள்ளே போகாது. வாங்கும் முன் எல்லோரும் விலையைப் பார்க்கிறோம். முதலில் பார்க்க வேண்டியது, எந்தப் பகுதியைப் பிடிக்கும் என்று சொல்லும் இந்த ஒரு வரியைத்தான்.

பிளாட்டில் 120 கிலோடால்டனோடு (புரத எடையின் அலகு) 38-இலும் ஒரு பட்டை வருகிறது. குப்பையா?

குப்பை என்று ஒதுக்காதீர்கள். 120 முழுப் புரதம். மெட்டலோபுரோட்டியேஸ் என்ற வெட்டும் நொதிகள் அதை வெட்டும்போது சுமார் 80 கிலோடால்டன் துண்டு வெளியே ஊடகத்தில் கலக்கும், 38 துண்டு சவ்விலேயே தங்கும். வால்பகுதி ஆன்டிபாடிக்கு 80 துண்டு தெரியாது. வெளிப்பகுதி ஆன்டிபாடியால் ஊடகத்தையும் பிளாட் செய்து பாருங்கள். இரண்டும் சேர்ந்து கூடினால் வெட்டு நடப்பதாக நம்பலாம். 135-க்கு அருகே மங்கலாக ஒன்று வந்தால் அது முதிராத முன்வடிவம்.

நெகட்டிவ் கன்ட்ரோலுக்கு (ஈ-கேதரின் இல்லாத ஒப்பீட்டு மாதிரி) எந்தச் செல்?

எஸ்கே-பிஆர்-3. அதில் ஈ-கேதரினுக்கான சிடிஹெச்1 மரபணுவின் பகுதி இரு பிரதிகளிலும் அழிந்திருக்கிறது. அந்த மரபணுவை நாக்அவுட் செய்த (செயலிழக்கச் செய்த) உங்கள் சொந்தச் செல் இருந்தால் இன்னும் நல்லது.

ஈ-கேதரினைத் தடுக்கும் டெக்மா-1 ஆன்டிபாடி போட்டு எலிச் செல்களின் ஒட்டுதலைத் தடுக்கப் பார்க்கிறேன். செல்கள் சாகின்றன.

புட்டியில் சோடியம் அசைடு (கெடாமலிருக்கச் சேர்ப்பது) இருக்கிறதா? அது செல்லின் சுவாசத்தையே முடக்கும். அசைடு இல்லாததை வாங்குங்கள், அல்லது டயாலிசிஸ் செய்து நீக்குங்கள். அதே வகை, அதே அளவு, அதே கரைசலில் உள்ள ஐசோடைப் கன்ட்ரோல் (இந்தப் புரதத்தைக் குறிவைக்காத ஒப்பீட்டு ஆன்டிபாடி) கட்டாயம் வேண்டும். அது இல்லாத தடுப்புச் சோதனை முடிவை நான் ஏற்கமாட்டேன்.

செல் ஒட்டுதலுக்கான இன்னொரு புரதமான பீட்டா-1 இன்டக்ரின் அளவில் கூடியதா, செயல்படத் தொடங்கியதா என்று எப்படிப் பிரிப்பது?

ஒரே ஆன்டிபாடியால் முடியாது. 9ஈஜி7 அல்லது 12ஜி10 செயல்படும் வடிவத்தைப் பிடிக்கும். கே20 வடிவம் பார்க்காமல் மொத்தத்தையும் பிடிக்கும். இரண்டையும் தனித்தனியாகப் போட்டு விகிதத்தைப் பாருங்கள். மாங்கனீசு இன்டக்ரினைத் தூண்டும் என்பதால், அதைச் சேர்த்த ஒரு மாதிரியைப் பாசிட்டிவ் கன்ட்ரோலாக வைத்துக்கொள்ளுங்கள்.