கென்டில் பிரெஞ்சு பேசினால் ஏன் முகம் மாறுகிறது?

ஆறு மாதம் பிரெஞ்சு படித்துவிட்டுப் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் குடியேறினீர்கள். பேக்கரியில் "போன்ஜூர்" என்றதும் ஆங்கிலத்தில் பதில் வந்தது, மனம் நொந்துபோனது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உச்சரிப்பில் குறை இல்லை. கென்ட் இருப்பது நாட்டின் வடக்கே, பிளாண்டர்ஸ் பகுதியில். அங்கே மொழி டச்சு. தெற்கே வலோனியாவில்தான் பிரெஞ்சு, பிரசெல்ஸில் இரண்டும். ஒரு காலத்தில் பிளாண்டர்ஸிலும் நீதிமன்றமும் கல்லூரியும் பிரெஞ்சிலேயே நடந்தன. கென்ட் பல்கலைக்கழகமே 1930இல்தான் முழுக்க டச்சுக்கு மாறியது. அந்த வலி இன்னும் ஆறவில்லை. மொழிக்காகப் போராடியவர்கள் நாம், நமக்கு இது புரியும். நாளை டச்சில் "ஹூயமோர்ஹன்" (காலை வணக்கம்) என்று சொல்லிப் பாருங்கள். திக்கினாலும் பரவாயில்லை.

அப்புறம், உருளைக்கிழங்கு வறுவலைப் "பிரெஞ்சு ஃப்ரை" என்று சொல்லாதீர்கள், அது பெல்ஜியர்களுடைய பெருமை. அங்கே அது "ஃப்ரீட்டன்". முதலில் மிதமான சூட்டில் உள்ளே வேகும்வரை பொரித்து, ஆறவைத்து, மறுபடி கொதிக்கும் கொழுப்பில் போடுவார்கள். காகிதக் கூம்பில், மேலே கெட்டியாக மயோனைஸ். பல கடைகளில் பொரிப்பது மாட்டுக் கொழுப்பில். நீங்கள் சைவம் என்றால் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள், தயங்காமல் சொல்வார்கள்.