நமக்குச் செரிக்கும் சோறு மாட்டுக்கு ஏன் செரிக்கவில்லை?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எங்களிடம் ஒரு ஜெர்சி கலப்பின மாடு இருக்கிறது. இரண்டாம் ஈத்து, கன்று போட்டு இரண்டு மாதம் ஆகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் மகளின் சடங்கு விருந்தில் மிஞ்சிய சோறு, சாம்பார், பாயசம் எல்லாவற்றையும் வீணாக்க மனசில்லாமல் மாட்டுத் தொட்டியில் கொட்டினோம். ஆசையாகத் தின்றது. மறுநாள் காலையில் எழுந்து நிற்கவே தள்ளாடியது. அசைபோடவில்லை, புளித்த வாடையோடு தண்ணீராகக் கழிந்தது. கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டு, பாட்டில் ஏற்றினார். பிறகு பக்கத்து வீட்டு மாட்டின் வாயில் குழாய் விட்டு, பச்சை நிறத்தில் ஒரு தண்ணீரை எடுத்து எங்கள் மாட்டுக்கு ஊற்றினார். பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஆனால் மாடு பிழைத்துக்கொண்டது. அந்தத் தண்ணீர் என்ன? அவ்வளவு பெரிய வயிறு இருந்தும் சோறு ஏன் செரிக்கவில்லை? பால் இன்னும் பழையபடி வரவில்லை, சொசைட்டியில் ஃபேட்டும் குறைவாகக் காட்டுகிறது. இனி சோறே போடக்கூடாதா?
ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: அம்மா, உங்கள் மாடு பிழைத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தப் பச்சைத் தண்ணீரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மற்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

மாட்டின் உடம்பில் வைக்கோலைச் செரிக்கும் நொதி ஒன்றுகூடக் கிடையாது. வைக்கோல், புல், சோளத்தட்டை எல்லாவற்றிலும் இருக்கும் நார்ப்பொருளைப் பிரிக்க நம் வயிற்றுக்கு எப்படி வழி தெரியாதோ, அப்படியே மாட்டுக்கும் தெரியாது. அந்த வேலையைச் செய்வது அதன் முதல் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். பெருவயிறு என்றும், ரூமன் என்றும் சொல்லும் அந்த முதல் வயிறு உங்கள் மாட்டைப் போன்ற ஒரு கறவை மாட்டுக்குச் சுமார் நூறு லிட்டர் கொள்ளும். இடது பக்க வயிறு முழுவதையும் அதுவே அடைத்துக்கொண்டிருக்கும். உள்ளே காற்றில்லாத இருட்டு, எப்போதும் 39 டிகிரி செல்சியஸ் சூடு, நிறையத் தண்ணீர். அங்கிருந்து எடுக்கும் ஒரு மில்லி தண்ணீரில் ஆயிரம் கோடிக்கு மேல் பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றோடு புரோட்டோசோவா என்னும் ஓரணு உயிர்கள் சில லட்சம். பூஞ்சைகளும் உண்டு. காற்றே இல்லாத இடத்தில் பூஞ்சை வாழாது என்றுதான் அறிவியல் உலகம் வெகுகாலம் நம்பியிருந்தது. 1975-ல் கோலின் ஆர்பின் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் இந்தப் பெருவயிற்றுப் பூஞ்சைகளை அடையாளம் காட்டிய பிறகுதான் அந்த எண்ணம் மாறியது.

பக்கத்து வீட்டு மாட்டிடமிருந்து உங்கள் மருத்துவர் எடுத்தது இந்தத் தண்ணீரைத்தான். வாய்ப்புக் கிடைத்தால் அதில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பாருங்கள். லேசாகச் சூடு காட்டிய கண்ணாடித் துண்டில் வைத்ததும், ஈசல் கூட்டம் போல நூற்றுக்கணக்கான உயிர்கள் விர்ரென்று திரியும். சில வைக்கோல் துணுக்கைக் கவ்விக்கொண்டு சுற்றும். முப்பது வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் எனக்கு அலுக்கவில்லை.

நீங்கள் தொட்டியில் போடுவதெல்லாம் முதலில் போய்ச் சேர்வது இவற்றிடம்தான். மாடு அவசரமாக விழுங்கிய வைக்கோலை இவை பற்றிக்கொண்டு புளிக்க வைக்கும். நாம் மாவு புளிக்க வைப்பது மாதிரி. புளிப்பில் மூன்று அமிலங்கள் உண்டாகும்: அசிட்டிக், புரொபியோனிக், பியூட்டிரிக். பெருவயிற்றின் உட்சுவர், துருக்கித் துண்டு மாதிரி லட்சக்கணக்கான சிறு நீட்சிகளோடு இருக்கும். அவற்றின் வழியாக இந்த அமிலங்கள் நேராக ரத்தத்தில் கலந்துவிடும். மாட்டுக்குக் கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய 70 சதவீதம் இந்த மூன்று அமிலங்களிலிருந்து வருகிறது. புரொபியோனிக் அமிலத்தைக் கல்லீரல் குளுக்கோஸாக மாற்ற, அதிலிருந்து மடி பாலின் சர்க்கரையைச் செய்கிறது. பாலின் அளவை நிர்ணயிப்பது அந்தச் சர்க்கரைதான். நாரிலிருந்து அதிகம் கிடைக்கும் அசிட்டிக் அமிலம் பாலின் கொழுப்பாகிறது. நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் முடங்கினால் பாலில் ஃபேட் ஏன் இறங்கும் என்பது இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும்.

அதோடு முடியவில்லை. பெருகிக்கொண்டே இருக்கும் இந்த நுண்ணுயிர்கள் தீவனத் துகள்களோடு சேர்ந்து, தேன்கூடு போல் கட்டம் கட்டமாக இருக்கும் இரண்டாம் வயிறு, புத்தக ஏடுகள் போல் மடிப்பு மடிப்பான மூன்றாம் வயிறு ஆகியவற்றைக் கடந்து நான்காம் வயிற்றுக்குப் போகும். நம் இரைப்பை போல அமிலம் சுரப்பது அந்த நான்காவது மட்டும்தான். அங்கே நுண்ணுயிர்கள் செத்து, குடலில் புரதமாகச் செரிக்கப்படும். மாட்டுக்குக் கிடைக்கும் புரதத்தில் பெரும்பகுதி இதுவே. புரதம் அதிகமில்லாத வைக்கோலைத் தின்றும் மாடு பால் கறக்கிறதே, அது இப்படித்தான். வைக்கோல் தின்னும் உயிர்களை வளர்த்து, பிறகு அவற்றையே தின்கிறது.

இந்த ஏற்பாடு நடக்க ஒரு நிபந்தனை உண்டு. அமிலம் உண்டாகும் வேகமும், அது ரத்தத்தில் உறிஞ்சப்படும் வேகமும், எச்சில் அதை முறிக்கும் வேகமும் ஒத்துப்போக வேண்டும். மாடு ஒரு நாளைக்கு நூறு லிட்டர் வரை எச்சில் ஊறவைக்கும், நம்புங்கள். நாம் இட்லி மாவில் போடும் சோடா உப்பு அந்த எச்சிலில் இயற்கையாகவே இருக்கிறது. ஒரு நாளில் ஆறேழு மணி நேரம் படுத்து அசைபோடும்போதுதான் அது நன்றாக ஊறும். நீளமான நார் உள்ளே போனால்தான் அசைபோடத் தோன்றும். சோற்றை அசைபோட என்ன இருக்கிறது?

இப்போது விருந்தன்று நடந்ததற்கு வருகிறேன். வெந்த சோறு என்பது மாவுச்சத்து, அதுவும் குழைந்து உடனே கரையத் தயாராக இருப்பது. பாயசத்தின் சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. பெருவயிற்றில் மாவுச்சத்தைத் தின்னும் ஒருவகை பாக்டீரியா எப்போதும் கொஞ்சம் இருக்கும். சாதாரண நாளில் அது ஓரமாகக் கிடக்கும். இவ்வளவு தீனி ஒரே நேரத்தில் கிடைத்தால், அரை மணிக்கும் குறைந்த நேரத்தில் இரண்டாகிற வேகத்தில் பெருகும். அது உண்டாக்குவது லாக்டிக் அமிலம், தயிரைப் புளிக்க வைக்கும் அதே அமிலம். முன்னே சொன்ன மூன்றையும்விடச் சுமார் பத்து மடங்கு வீரியமானது. புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) சாதாரணமாக 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்கும். அது 6-க்குக் கீழே இறங்கியதும் நாரைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் வேலையை நிறுத்தும். 5-ஐ நெருங்கும்போது புரோட்டோசோவாக்கள் கூட்டம் கூட்டமாகச் சாகும். வயிற்றின் அசைவு நிற்கும். உள்ளே சேர்ந்த அமிலமும் சர்க்கரையும் ரத்தத்திலிருந்து தண்ணீரை வயிற்றுக்குள் இழுக்கும். கண் குழிவிழுவதும், வயிறு தளும்புவதும், தண்ணீராகக் கழிவதும் அதனால்தான். மிச்ச அமிலம் ரத்தத்தில் கலக்க, மாடு குடித்தவனைப் போலத் தள்ளாடும். பாட்டிலில் ஏறியது இழந்த தண்ணீரும், அமிலத்தை முறிக்கும் சோடாவுமாக இருந்திருக்கும். பச்சைத் தண்ணீர், செத்துப்போன குடியிருப்புக்குப் புதுக் குடிகள். உங்கள் மருத்துவர் சூடு ஆறுவதற்குள் ஊற்றியிருப்பார். ஆறினாலும் காற்றுப் பட்டாலும் அவை சாகும். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நமக்கு ஏன் இப்படி ஆவதில்லை என்றால், நம் உடம்பில் வரிசை வேறு. சோற்றை முதலில் நம் நொதிகள் செரித்து, சிறுகுடல் குளுக்கோஸாக உறிஞ்சிக்கொள்கிறது. நுண்ணுயிர்கள் கடைசியில் பெருங்குடலில் காத்திருக்கின்றன, மிச்சம் மீதிதான் அவற்றுக்கு. மாட்டில் அவைதான் பந்தியில் முதல் வரிசை. குதிரை நம் பக்கம். அதற்கும் புளிப்பு கடைசியில்தான். குதிரைச் சாணத்தை உடைத்துப் பாருங்கள், புல் துண்டுகள் அப்படியே தெரியும். நாம் வாசல் மெழுகும் சாணி அவ்வளவு மழமழவென்று இருப்பது, மாடு அசைபோட்டு அரைத்து, நுண்ணுயிர்கள் தின்று தீர்த்தபின் வருவதால்.

பணியில் சேர்ந்த வருடம், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் சாயங்காலம் ஒரு வீட்டுக்கு அழைத்தார்கள். கொம்பில் வர்ணம் காயாத பசு. அதற்குப் படைத்த பொங்கல் போதாதென்று தெருவே ஊட்டியிருக்கிறது. செரிக்கட்டும் என்று, நாக்கை இழுத்துப் பிடித்து மூங்கில் குழாயில் நல்லெண்ணெய் புகட்டியிருந்தார்கள். அது நுரையீரலுக்குள் போயிருந்தது. நான் எடுத்த வயிற்றுத் தண்ணீர் பால் கலந்த சாம்பல் போல இருந்தது, நுண்ணோக்கியில் ஒன்றுகூட அசையவில்லை. விடிவதற்குள் மாடு போய்விட்டது. அந்த வீட்டுப் பாட்டி அழுதது எனக்கு இன்னும் கேட்கிறது. பாசத்தில் கொடுத்ததுதான், நீங்கள் கொடுத்ததைப் போலவே. அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், மாடு சோறு தின்றுவிட்டது என்று தெரிந்தால் அறிகுறி வரக் காத்திருக்காதீர்கள். மீதியை எடுத்துவிட்டு, வைக்கோல் மட்டும் போட்டு, உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். எண்ணெய் புகட்ட வேண்டாம். தலையைத் தூக்கிப் பிடித்து எதையுமே ஊற்ற வேண்டாம்.

சோறே போடக்கூடாதா என்றால், தினமும் கழுநீரோடு போகும் ஒரு பிடி சோறு, கொஞ்சம் கஞ்சி இவற்றால் ஒன்றும் ஆகாது. அவற்றுக்கு நுண்ணுயிர்கள் பழகியிருக்கும். பழக்கமில்லாத மாவுச்சத்து ஒரே வேளையில் கூடை கூடையாகப் போவதுதான் கொல்கிறது. அரிசி, கம்பு, மக்காச்சோள மாவு எதற்கும் இது பொருந்தும். மாடு கட்டை அவிழ்த்துக்கொண்டு தானிய மூட்டையில் வாய் வைத்தாலும் இதே கதைதான். எந்தத் தீவனத்தை மாற்றினாலும் பத்துப் பதினைந்து நாள் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். புல்லோ வைக்கோலோ போட்ட பிறகு தவிடு, பிண்ணாக்கு வையுங்கள், அதையும் ஒரே வேளையில் கொட்டாமல் பிரித்து வையுங்கள்.

விருந்து மிச்சத்தில் இன்னொரு பயமும் எனக்கு உண்டு. பிளாஸ்டிக் டம்ளரும் பையும் அதோடு உள்ளே போகும். பெருவயிற்றை விட்டு வெளியேறும் வழி சிறிது, பொடியானதுதான் கீழே இறங்கும். பிளாஸ்டிக்கை எந்த நுண்ணுயிரும் பொடியாக்காது. 2019-ல் சென்னையில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள்.

பால் திரும்பி வரும். புதுக் குடிகள் பெருகவும், புண்பட்ட வயிற்றுச் சுவர் ஆறவும் சில வாரம் ஆகும். அதுவரை பாலைக் கூட்டும் ஆசையில் அடர்தீவனத்தை ஏற்றாதீர்கள். நல்ல வைக்கோல், பசும்புல், தாராளமாகத் தண்ணீர் போதும். காலையில் இடது பக்கம், இடுப்பெலும்புக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் உங்கள் முஷ்டியை அழுத்தி வைத்துக்கொண்டு நில்லுங்கள். நிமிடத்துக்கு ஒரு முறையாவது உள்ளிருந்து அலை வந்து கையைத் தள்ள வேண்டும். படுத்திருக்கும்போது அசைபோடுகிறதா என்றும் பாருங்கள். இந்த நோய்க்குப் பிறகு ஒரு மாதம் வரை குளம்பையும் கவனிக்க வேண்டும். தொட்டால் சூடாக இருந்தாலோ, நடக்க யோசித்துக் காலை மாற்றி மாற்றி வைத்தாலோ, காய்ச்சலோடு மறுபடி தீவனம் எடுக்காமல் நின்றாலோ, அன்றைக்கே உங்கள் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.