வயதுக்கு வயது மாறும் உடலும் மனமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. ஒரே ஆண்டில் என்னைவிட உயரமாகிவிட்டான். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான், அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான். நள்ளிரவு வரை விழித்திருப்பவனைக் காலையில் எழுப்புவது பெரும்பாடாக இருக்கிறது. இவ்வளவு வளர்ந்த பிள்ளைக்கு ஏன் இன்னும் பொறுப்பு வரவில்லை?

பதில்: ஆள் வளர்ந்துவிட்டால் பொறுப்பும் கூடவே வந்துவிட வேண்டும் என்று நாம் எல்லோரும் எதிர்பார்க்கிறோம். ஆனால் உடலும் மனமும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை; உங்கள் வீட்டில் நடக்கும் பூசல்களில் பாதிக்குக் காரணம் இந்த வேக வேறுபாடுதான். பெண் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண் குழந்தைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் பருவ மாற்றங்கள் தொடங்குகின்றன. வளர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது ஒரு பையன் ஓராண்டில் 9 சென்டிமீட்டர் அளவுக்கு உயரக்கூடும். அதிலும் கையும் காலும் முதலில் நீண்டு, உடற்பகுதி பிறகே ஈடுகொடுப்பதால், சட்டை சிறுத்துப் போவதற்கு முன்பே செருப்பு சிறுத்துப் போகும். நேற்று வரை பழகிய வாசற்படியில் இன்று இடித்துக்கொள்பவனைக் கவனமில்லாதவன் என்று திட்டுகிறோம். அவனுக்கோ தன் கைகால்களின் நீளமே இன்னும் பிடிபட்டிருக்காது.

மூளைக்குள்ளும் இதே கதைதான். கோபம், ஆசை, பரபரப்பு ஆகியவற்றை எழுப்பும் பகுதிகள் இந்த வயதில் வேகமாகத் தூண்டப்படுகின்றன. ஆனால் பின்விளைவை எண்ணிப் பார்த்து நம்மை நிறுத்தி நிதானிக்க வைக்கும், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி முழு முதிர்ச்சி அடைய ஏறக்குறைய 25 வயதாகிவிடுகிறது. வளர்ந்த ஆணின் தோற்றமும் 14 வயதின் நிதானமுமாக நிற்கும் பிள்ளையிடம் நாம் தோற்றத்தைப் பார்த்துப் பேசிவிடுகிறோம். சீக்கிரமே பருவமடையும் குழந்தைகள்தாம் இதனால் மிகவும் அடிபடுகிறார்கள் என்பது என் கருத்து.

தூக்கத்தைப் பொறுத்தவரை, அவனைச் சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள். உடலுக்கு இரவு வந்துவிட்டதை உணர்த்தும் மெலடோனின் இந்தப் பருவத்தில் வழக்கத்தைவிடத் தாமதமாகவே சுரக்கிறது. இந்த வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. இரவில் கைப்பேசியைப் படுக்கையிலிருந்து விலக்கி வைப்பதும் காலை வெளிச்சம் அவன்மேல் படச் செய்வதும் அதட்டலைவிடப் பலன் தரும். கோபம் கொதிக்கும் நேரத்தில் நியாயம் பேசாமல், அது தணிந்த பிறகு பேசுங்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலும் வாட்டம் நீடித்தாலோ, பிடித்தவற்றில்கூட நாட்டம் போய்விட்டாலோ, உயிரை மாய்த்துக்கொள்வது பற்றி ஒரு சொல் வந்தாலோ, வயதுக்கோளாறு என்று தள்ளிவிடாமல் உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: எல்லோரிடமும் சிரித்துக்கொண்டு போன என் 9 மாதக் குழந்தை, இப்போது புதியவர்களைக் கண்டாலே அலறுகிறாள். நான் அடுத்த அறைக்குப் போனாலும் அழுகிறாள். பயந்துவிட்டாளா?

பதில்: இல்லை, அறிவு வளர்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அம்மா எங்கோ இருக்கிறாள் என்பதும், இவர் அம்மா இல்லை என்பதும் அவளுக்கு இப்போதுதான் தெளிவாகப் புரிகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இது இரண்டு, மூன்று வயதுக்குள் தணிந்துவிடும். அவள் அறியாமல் நழுவிப் போகாமல், சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி திரும்பி வாருங்கள்.

கேள்வி: எனக்கு 47 வயது. மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறது. திடீரென உடலெங்கும் சூடு பரவி வியர்க்கிறது, தூக்கம் கெடுகிறது, காரணமின்றி அழுகை வருகிறது. வீட்டில் எல்லாம் மனப்பிரமை என்கிறார்கள்.

பதில்: மனப்பிரமை இல்லை, அம்மா. மாதவிடாய் நிற்பதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்பால் ஹார்மோன் ஏறியும் இறங்கியும் தடுமாறுகிறது. உடல் வெப்பத்தைச் சீராக்கும் மூளைப்பகுதியையும் மனநிலையையும் அது பாதிக்கிறது. இரவில் வியர்த்து விழிப்பவருக்கு மறுநாள் எரிச்சல் வருவதில் வியப்பில்லை. தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால்தான் அது நின்றுவிட்டதாகக் கொள்ள வேண்டும். பெரும்பாலோருக்கு 45 முதல் 55 வயதுக்குள் இது நிகழும். அதன் பிறகு எந்த உதிரப்போக்கு வந்தாலும், துளியளவாக இருந்தாலும், மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். தைராய்டு கோளாறும் இதே போன்ற தொல்லைகளைத் தரக்கூடும் என்பதால் அந்தப் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள். எலும்பின் வலிமை வேகமாகக் குறையும் காலமும் இதுவே ஆகையால், நடைப்பயிற்சியோடு தசைகளுக்கு வேலை தரும் பயிற்சியும் வேண்டும். சிகிச்சை உண்டு, பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இந்தப் பதிலை வீட்டாரிடமும் படிக்கக் கொடுங்கள்.

கேள்வி: 74 வயதான என் தந்தை அதிகாலை நான்கு மணிக்கே எழுந்துவிடுகிறார். தெரிந்தவர்களின் பெயர் நாவில் நின்றும் வெளியே வருவதில்லை. உறவினர் கூடினால் பேசாமல் ஓரமாக உட்கார்ந்துவிடுகிறார். முதுமை என்று விட்டுவிடலாமா?

பதில்: மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். முதுமையில் ஆழ்ந்த தூக்கம் குறைந்து, உறக்க நேரமும் முன்னுக்கு நகர்வது இயல்பு. பெயர் நினைவுக்கு வரத் தாமதமாவதும் இயல்புதான். புதியதை விரைவாகப் பிடிக்கும் திறன் குறைந்தாலும், சொல்வளமும் அனுபவ அறிவும் நெடுங்காலம் நிலைத்திருக்கும். பழகிய வழியில் திசை தவறுவது, சற்று முன் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, பணக்கணக்கில் குழம்புவது ஆகியவைதான் மறதிநோய்க்கான எச்சரிக்கைகள்.

எனக்குக் கவலை தருவது அவருடைய மௌனம். வயதானால் ஒதுங்கிவிடுவார்கள் என்று நாம் எளிதாக ஏற்றுக்கொள்கிறோம், அது தவறு. முதுமையில் உயர்ந்த சுருதி ஒலிகளே முதலில் கேட்காமல் போகின்றன, சொல்லைத் தெளிவாக்கும் மெய்யொலிகள் பல அவற்றில் அடங்கும். ஆகவே குரல் கேட்கும், சொல் புரியாது. பலர் ஒரே நேரத்தில் பேசினால் இன்னும் மோசம். இரண்டு முறை மாற்றிப் பதில் சொல்லிப் பிறர் சிரித்துவிட்டால், மூன்றாம் முறை மனிதர் வாய் திறக்கமாட்டார். மனச்சோர்வும் காரணமாக இருக்கலாம். அது முதுமையின் இயல்பு அல்ல, குணப்படுத்தக்கூடிய நோய். முதலில் செவித்திறன் சோதனை செய்யுங்கள், ரத்தத்தில் வைட்டமின் பி12, தைராய்டு அளவுகளையும் பாருங்கள். அதுவரை கத்திப் பேசாமல், அவர் முகத்துக்கு நேரே அமர்ந்து, ஒருவர் மாற்றி ஒருவராக நிதானமாகப் பேசுங்கள்.